வயது கூடினால் அழகு குறைகிறதா? ஆறுதல் வேண்டாம், நேரான பதில் வேண்டும்

மழைக்குருவி (இழையைத் தொடங்கியவர்)

இந்தக் கேள்வியை எங்கே கேட்டாலும் இரண்டே பதில்தான் வருகிறது. ஒன்று, 'அழகு மனசுல இருக்கு'. இன்னொன்று, 'வயசெல்லாம் வெறும் நம்பர்'. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டுமே கேட்டவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவைக்கிற பதில்கள்.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கண்ணுக்குக் கீழே பை, தாடையோரம் தொங்கல், வகிட்டில் நரை, எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்துவிட்டன. புலம்ப வரவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அழகு உண்மையிலேயே குறைகிறதா? குறைகிறது என்றால் குறிப்பாக எது? குறையவில்லை என்றால், இருபத்தைந்து வயதில் திரும்பிப் பார்த்தவர்கள் இப்போது ஏன் பார்ப்பதில்லை?

மருத்துவம் தெரிந்தவர்கள், படம் வரைகிறவர்கள், என்னைவிட மூத்தவர்கள், யார் வேண்டுமானாலும் பேசலாம். 'உள்ளழகு' என்று ஆரம்பிக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுத்து வாருங்கள்.

---

கறார்_கந்தன்

குறைகிறது. இழையை மூடிவிடலாம்.

சரி, காரணமும் சொல்லிவிடுகிறேன். ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அழகு என்று தோன்றுவதற்குச் சில அடையாளங்கள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒத்துப்போவது, திட்டுத்திட்டாக இல்லாத தோல் நிறம், அடர்ந்த முடி, உதடும் புருவமும் சுற்றியுள்ள தோலிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிவது. கடைசியாகச் சொன்னதைப் பற்றி 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. வயது ஏற ஏற அந்த நிற வேறுபாடு மங்குகிறது என்றும், ஒருவருக்கு எத்தனை வயது இருக்கும் என்று ஊகிக்க நாம் அதையும் பயன்படுத்துகிறோம் என்றும் காட்டினார்கள். லிப்ஸ்டிக்கும் கண்மையும் வேறு என்ன செய்கின்றன? மங்கியதைத் திரும்ப ஏற்றிக்காட்டுகின்றன.

இதெல்லாம் விளம்பரக்காரர்கள் கற்றுக்கொடுத்தது என்று யாராவது வருவீர்கள். ஜூடித் லாங்லாய்ஸ் என்ற உளவியலாளர் 1980-களில் கைக்குழந்தைகளை வைத்துச் சோதனை செய்தார். பெரியவர்கள் அழகு என்று சொன்ன முகங்களையே குழந்தைகளும் கூடுதல் நேரம் பார்த்தன. ஆறு மாதக் குழந்தை எந்த விளம்பரத்தைப் பார்த்தது?

அறிவு, பக்குவம், பண்பு எல்லாம் வயதோடு வளரலாம். தாராளமாக வளரட்டும். அது வேறொரு கேள்விக்கான பதில்.

---

வெண்சுடர்

தோல் மருத்துவம் பார்க்கிறேன். 'எது குறைகிறது' என்ற பகுதிக்கு மட்டும் வருகிறேன்.

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன், இழுத்தால் திரும்பச் சுருங்க வைப்பது எலாஸ்டின். வாலிப வயதைத் தாண்டியதும் தோலின் கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்துகொண்டே வருகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வேகம் கூடும். முதல் ஐந்து ஆண்டுகளிலேயே சுமார் 30 சதவீதம் போய்விடுகிறது. 'ஒரே வருஷத்துல இப்படி ஆயிட்டேன் டாக்டர்' என்று வருகிறவர்கள் மிகைப்படுத்துவதில்லை.

ஆனால் எல்லோரும் தோலையே குறை சொல்கிறார்கள். தோலுக்கு அடியிலும் நிறைய நடக்கிறது. கன்னத்தின் மேல்பகுதியில் இருக்கும் கொழுப்புத் திட்டுகள் மெலிந்து இறங்குகின்றன. எலும்பே மாறுகிறது: கண்குழி அகலமாகிறது, மேல்தாடையும் கீழ்த்தாடையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன. உள்ளே தாங்கல் குறைந்த பிறகு தோல் மட்டும் என்ன செய்யும்? மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு ஆழமாவதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு விலை உயர்ந்த க்ரீம் பூசுவது, அஸ்திவாரம் இறங்கிய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். நாம் வயது என்று சொல்வதில் பெரிய பங்கு வெயிலுடையது. 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு லாரி ஓட்டுநரின் படம் வந்தது. 69 வயது. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் முழுக்கத் தடித்து, ஆழமாகச் சுருங்கித் தொங்குகிறது. வலது கன்னம் பல வருடம் இளையவருடையது போல இருக்கிறது. அதே ஆள், அதே வயது. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் யுவிபி வகையைப் பெரும்பாலும் தடுத்துவிடும், யுவிஏ-வை உள்ளே விட்டுவிடும். தோலின் ஆழம்வரை போய் கொலாஜனைக் கெடுப்பது அந்த யுவிஏ-தான்.

ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2013-ல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களிடம் தோல் முதுமை மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு. நிறம் கூடிய தோலில் மெலனின் என்ற நிறமி ஓரளவு காப்பதால் சுருக்கம் தாமதமாக வரும். அதற்குப் பதில் கருந்திட்டுகள் முதலில் வரும்.

கந்தன் சாருக்கு ஒரு குறிப்பு: அந்தக் குழந்தைச் சோதனைகளில் முதியவர் முகத்துக்கும் இளையவர் முகத்துக்கும் போட்டி வைக்கவில்லை. அதிலிருந்து வயதைப் பற்றி முடிவுக்கு வர முடியாது.

---

சும்மா_வந்தேன்

எல்லாம் குறைகிறது என்கிறீர்களே, காது வளர்கிறது! 1995-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 206 பேரின் காதை அளந்து, ஆண்டுக்கு சராசரி 0.22 மில்லிமீட்டர் நீள்கிறது என்று போட்டிருந்தார்கள். ஐம்பது வருடத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல். வயதானவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது.

---

நடுக்கடல்

எனக்கு 59. குருவி கேட்ட கடைசிக் கேள்விக்கு, அதாவது ஏன் பார்ப்பதில்லை என்பதற்கு, நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஐம்பதை ஒட்டி ஒரு மாற்றம் வரும். யாரும் அவமானப்படுத்த மாட்டார்கள். பார்வை உங்கள் மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். வரிசையில் நிற்கிறீர்கள், உங்களுக்குப் பின்னால் நிற்கும் இளம்பெண்ணிடம் 'சொல்லுங்க மேடம்' என்பார்கள். கூட்டத்தில் நீங்கள் சொன்ன யோசனையைப் பத்து நிமிடம் கழித்து வேறொருவர் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அதிலேயே ஒரு நிம்மதியும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதினைந்து வயதிலிருந்து முதுகில் ஊர்ந்துகொண்டிருந்த கண்கள் ஒருநாள் இல்லை. தெருவில் என் பாட்டுக்கு நடக்கிறேன். ஔவையார் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்ட கதையைச் சின்ன வயதில் அதிசயமாகக் கேட்டேன். இப்போது அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவள் பாட்டெழுத வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டும். அதற்கு அந்த இளம் முகம் இடைஞ்சல்.

அதனால் என் பதில்: குறைவது, அறிமுகம் இல்லாதவர் கண்ணுக்கு எட்டுகிற அழகு. அது நிஜமாகவே குறைகிறது. இதில் கந்தன் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கணக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இல்லை. அவருக்கு நரைத்தால் கம்பீரம், எனக்கு நரைத்தால் 'டை அடிக்கக்கூடாதா?'. 1972-லேயே அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் இந்த இரட்டை அளவுகோலைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஆணுக்கு இளைஞன், முதிர்ந்தவன் என இரண்டு விதமான அழகை அனுமதிக்கும் சமூகம், பெண்ணுக்கு ஒன்றை மட்டும்தான் அனுமதிக்கிறது என்பது அவர் வாதம். ஐம்பது வருடம் ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை.

---

வழுக்கை_வேந்தன்

அக்கா, கம்பீரம் எல்லாம் முடி இருக்கிறவனுக்கு. 27 வயதில் முன்நெற்றி காலியானவனைக் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் நீங்கள் கேட்கிற பேச்சில் கால்வாசிகூட நான் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் முடியைப் பார்த்து யாரும் என்னை வேலைக்கு எடுக்கவில்லை.

---

கறார்_கந்தன்

நடுக்கடல் அம்மா, சமூகத்தின் மேல் பழி போடுவது சுலபம். கண்ணுக்குப் பழக்கமான அளவுகோல் எதுவோ அதில் மதிப்பெண் குறைந்தால் அது குறைவுதான். அளவுகோல் அநியாயமானது என்பது வேறு புகார்.

ஒரு சவால். வயதான பிறகு இன்னும் அழகான ஒரு முகத்தைக் காட்டுங்கள். 'வயதுக்கு நன்றாக இருக்கிறார்' என்பது செல்லாது. அது பாராட்டு மாதிரி வரும் ஆறுதல். கார்மென் டெல்'ஓரெஃபிசே என்று 1931-ல் பிறந்த மாடல் ஒருவர் எண்பது வயது தாண்டியும் மேடையில் நடந்தார் என்று உடனே எடுத்துப் போடுவீர்கள். அவர் 15 வயதிலேயே வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் வந்தவர். எண்பதில் அழகாக இருப்பதற்கு அவர் எடுத்த முன்னேற்பாடு, பிறக்கும்போதே அந்தக் கன்ன எலும்போடு பிறந்தது.

---

கரிக்கோல்

உருவப்படம் வரையக் கற்றுக்கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் இளம்பெண் முகத்தைத்தான் முதலில் வரைய ஆசைப்படுவார்கள். அதுதான் கஷ்டம். பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமே இருக்காது. வழவழவென்று ஒரு வளைவு, நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. ஒரு கோடு தடித்தால் பத்து வயது கூடிவிடும். முதியவர் முகத்தில் கோடு எங்கே போக வேண்டும் என்று அந்த முகமே சொல்லிவிடும்.

டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் இளைஞனாக இருந்தபோது தொடங்கி, இறந்துபோன 1669 வரை தன்னையே வரைந்துகொண்டிருந்தார். கடைசிப் படங்களில் 63 வயது. மூக்கு தடித்து, கன்னம் தளர்ந்து, கண்ணுக்குக் கீழே வீங்கி. இளமைப் படங்களில் தொப்பி, உடை, பாவனை எல்லாம் இருக்கும். கடைசிப் படங்களில் பார்ப்பவரை நேராகப் பார்க்கும் அந்த முகம் மட்டும்தான். எதன் முன்னால் நான் அதிக நேரம் நிற்பேன் என்றால், சந்தேகமே இல்லாமல் கடைசிப் படங்கள் முன்னால்.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வதும் ஆறுதல் ஆகிவிடும். 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பதை நான் நம்புவதில்லை. சிரித்துச் சிரித்து விழுந்த கண்ணோரக் கோடு உண்டு, முறைத்து முறைத்து விழுந்த நெற்றிக்கோடு உண்டு, உண்மைதான். அதே சமயம் வாயின் ஓரம் புவியீர்ப்பில் இறங்கினாலே போதும், உள்ளே எவ்வளவு சந்தோஷமான ஆளாக இருந்தாலும் சிடுமூஞ்சி மாதிரி தெரிவார். என் மாணவர்கள் வரைந்ததைப் பார்த்து 'நான் இவ்வளவு சோகமாகவா இருக்கேன்?' என்று கேட்ட முதியவர்கள் உண்டு. அவர்கள் சோகமாக இல்லை. தசை இறங்கியிருந்தது.

---

கறார்_கந்தன்

ஆக, முதியவர் முகம் வரைவதற்குச் சுவாரஸ்யம். அது அழகு என்று நீங்களே சொல்லவில்லை.

---

கரிக்கோல்

சொல்லவில்லைதான். ஆனால் ஒன்றைத் தேடிப் போய் அதன் முன்னால் கால் வலிக்க நிற்கிறேன் என்றால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று யோசிக்கிறேன். நீங்கள் அழகு என்பதை ஒரு நொடியில் முடிந்துவிடுகிற விஷயமாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அது பார்க்கப் பார்க்க நடப்பது.

---

பெயர்_எதற்கு

போடாக்ஸ், அதாவது சுருக்கம் விழவைக்கும் தசையைத் தளர்த்தும் ஊசி, போட்டுக்கொண்டவள் பேசுகிறேன், எல்லோரும் தத்துவம் பேசுகிறீர்களே என்று. புருவங்களுக்கு நடுவில் இருந்த கோட்டுக்காக. எல்லோரும் 'என்ன கோபம்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கோபமே இல்லை. கரிக்கோல் சொன்னதேதான்! மூன்று நான்கு மாதம் நிற்கிறது, அப்புறம் திரும்பப் போட வேண்டும். இப்போது யாரும் கேட்பதில்லை. இளமையாகத் தெரிய வேண்டும் என்று போகவில்லை, என் மனநிலை என் முகத்தில் சரியாகத் தெரிய வேண்டும் என்று போனேன். இதற்கு யாரிடமும் விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை என்றும் நினைக்கிறேன்.

---

பழைய_காகிதம்

நடுக்கடல் அம்மா 'அறிமுகம் இல்லாதவர் கண்' என்று சொன்னதற்கு ஆய்வு ஆதாரமே இருக்கிறது. கெவின் நிஃபின், டேவிட் ஸ்லோன் வில்சன் இருவரும் 2004-ல் வெளியிட்டது. பழைய பள்ளி ஆண்டு மலரில் இருக்கும் புகைப்படங்களை அதே வகுப்பில் படித்தவர்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். அதே படங்களை, அந்த ஆட்களையே தெரியாதவர்களிடமும் காட்டினார்கள். தெரிந்தவர்கள் போட்ட மதிப்பெண் அந்த ஆளை எவ்வளவு பிடிக்கும் என்பதோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. கேட்டது குணத்தைப் பற்றி அல்ல, தோற்றத்தைப் பற்றி மட்டும்.

இன்னொரு பகுதி இதைவிட நன்றாக இருக்கும். ஆறு வாரத் தொல்லியல் பயிற்சி முகாமில் முதல் நாளே ஒருவரையொருவர் மதிப்பிட்டார்கள், கடைசியில் மறுபடியும். முகம் ஆறு வாரத்தில் மாறவில்லை, மதிப்பெண் மாறியிருந்தது. ஒழுங்காகக் கூடவேலை செய்தவர்கள் பார்ப்பதற்கும் நன்றாக ஆகிவிட்டார்கள்.

அதனால் வயதானால் குறைகிறதா என்ற கேள்வியோடு 'யாருக்கு' என்பதையும் சேர்க்க வேண்டும். ஒரு முகம் முதுமைக்கு வரும்போது அதைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேராவது அதைப் பல வருடமாகத் தெரிந்தவர்கள்.

---

கறார்_கந்தன்

அதாவது பாசம் கண்ணை மறைக்கிறது. நன்றி, என் பக்கம் வலுத்தது.

---

நடுக்கடல்

தம்பி, அறிமுகம் இல்லாதவர் கண் மட்டும் தெளிவானதா? 1972-ல் டையன், பெர்ஷீட், வால்ஸ்டர் என்ற மூவர் செய்த பிரபலமான ஆய்வு ஒன்று இருக்கிறது. அழகான முகத்தின் படத்தைக் காட்டினால், இவர் நல்லவர், நல்ல வேலையில் இருப்பார், குடும்ப வாழ்க்கை சந்தோஷமாக இருக்கும் என்று மக்கள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை!

முகத்தைப் பார்த்துக் குணத்தைக் கற்பனை செய்தால் அது கூர்மையான பார்வை. குணத்தைத் தெரிந்துகொண்டு முகத்தை ரசித்தால் அது கண் மறைப்பு. இது எந்த ஊர் நியாயம்? இரண்டாவது ஆளிடமாவது தகவல் இருக்கிறது.

---

சும்மா_வந்தேன்

கந்தன் அண்ணே, பதில்? 

---

கறார்_கந்தன்

யோசிக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

---

தூரிகை_இல்லை

குருவிக்கு ஒரு நடைமுறைச் சமாதானம். செல்ஃபியைப் பார்த்துத்தான் கவலைப்படுகிறீர்கள் என்றால் பாதிக் கவலையை விட்டுவிடலாம். 2018-ல் ஒரு கணக்குப் போட்டார்கள்: ஓரடி தூரத்திலிருந்து எடுத்தால், ஐந்தடியில் எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். அது லென்ஸுக்கும் முகத்துக்கும் இடையிலான தூரத்தின் வேலை. முதுமை இல்லை.

கண்ணாடிக்கும் ஒரு சேதி உண்டு. 1977-ல் செய்த சோதனையில், தங்கள் படத்தை இடவலம் மாற்றிக் காட்டியபோது ஆட்களுக்கு அதுதான் பிடித்தது, நண்பர்களுக்கோ மாற்றாத படம் பிடித்தது. தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் அது என்பதால். பழகியது பிடிக்கிறது. அப்படியானால் வயதான முகம் நமக்கே பிடிக்காமல் போவதற்குக் காரணம், மனசில் இருக்கும் நம் முகம் பழையதாகவே நின்றுவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

---

ஏட்டுச்சுவடி

நரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. புறநானூறு 191-ல் பிசிராந்தையாரிடம், 'இவ்வளவு வயதாகியும் ஏன் நரைக்கவில்லை?' என்று கேட்கிறார்கள். அவர் சொல்லும் காரணப் பட்டியலில் எண்ணெயும் இல்லை, மூலிகையும் இல்லை. மாண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், தான் நினைத்ததையே நினைக்கும் ஏவலர், அல்லவை செய்யாமல் காக்கும் அரசன், ஊரில் அடக்கம் உள்ள சான்றோர் பலர். சுருக்கமாகச் சொன்னால், மண்டை காய வைக்கிறவர்கள் யாரும் இல்லை.

வெண்சுடர் சொல்லட்டும், இதில் ஏதாவது உண்மை உண்டா?

---

வெண்சுடர்

கொஞ்சம் உண்டு. முடிக்கு நிறம் கொடுக்கும் செல்களை உருவாக்கும் மூலச்செல்கள் வேர்ப்பையில் தீர்ந்துபோனால் நரை. 2020-ல் நேச்சர் இதழில் வந்த ஹார்வர்டு ஆய்வில், எலிகளுக்குக் கடுமையான மன அழுத்தம் வந்தபோது நரம்பு வழியாக அந்த மூலச்செல்கள் வேகமாகத் தீர்ந்துபோவதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகக் குழு மனித முடிகளை நுணுக்கமாக ஆராய்ந்து, நரைத்த சில முடிகள் அழுத்தம் குறைந்த காலத்தில் திரும்பக் கறுத்ததைக் கண்டது. சில முடிகள்தான். முழுத்தலை நரையை மனநிம்மதி திருப்பிவிடும் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். பரம்பரைக்குத்தான் இதில் பெரிய பங்கு.

---

மழைக்குருவி

எல்லோருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது. எனக்கு ஒட்டிக்கொண்டது நடுக்கடல் அம்மா பிரித்துக் காட்டியதுதான். குறைவது அந்நியர்களிடம் இருந்த செல்வாக்கு. அதை இழந்ததில் எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று நடிக்கப் போவதில்லை. அந்தச் செல்வாக்கை வைத்து நான் பெரிதாக என்ன சாதித்தேன் என்று யோசித்தால் உடனே ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்பதும் உண்மை.

வெண்சுடர், ஒரு சந்தேகம். நாற்பதுக்கு மேல் சன்ஸ்கிரீன் ஆரம்பித்தால் பலன் உண்டா, இல்லை வண்டி போய்விட்டதா?

---

வெண்சுடர்

உண்டு. அந்த ஆஸ்திரேலிய ஆய்வில் நடுவயதுக்காரர்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் பலன் தெரிந்தது. எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேல், யுவிஏ-வையும் தடுப்பது என்று போட்டிருக்க வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். தோலுக்கு வரும் ரத்தத்தைக் குறைத்து, கொலாஜனையும் அரிக்கும். ட்ரெடினாயின் என்ற மருந்துக்குச் சுருக்கத்தைக் குறைப்பதில் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் மருத்துவர் சொல்லித்தான் போட வேண்டும், கர்ப்பமாக இருப்பவர்கள் போடக்கூடாது. வெள்ளையாக்கும் க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு, அவை தோலை மெலிய வைத்துவிடும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

---

கறார்_கந்தன்

சாப்பிட்டாயிற்று. நடுக்கடல் அம்மாவுக்குப் பதில் இன்னும் தயாராகவில்லை, நாளைக்கு எழுதுகிறேன்.

அதற்குள் வெண்சுடருக்கு ஒரு கேள்வி. ஒரு தடவைக்கு எவ்வளவு பூச வேண்டும்? நண்பர் ஒருவர் கேட்கச் சொன்னார்.

---

வெண்சுடர்

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை நீளமாக ஒரு கோடு. முகத்துக்கும் கழுத்துக்கும் அந்த அளவு. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். நண்பருக்கு முடி குறைவு என்றால் தலையிலும் பூசச் சொல்லுங்கள்.